கிரகணக் கண்ணாடியா, சுவரில் விழும் பிம்பமா: சென்னை வீட்டுக்கு எது சரி?

2027 ஆகஸ்ட் 2-ஆம் தேதி மாலை சென்னையில் பகுதி சூரிய கிரகணம் தெரியும். அன்றைக்கு எகிப்தில் லக்சர் பக்கம் ஆறு நிமிடத்துக்கும் மேலாகச் சூரியன் முழுசாக மறையும், நமக்கு ஒரு பகுதிதான். ஆனாலும் கிரகணம் என்ற பேச்சு வந்தாலே எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும். எதை வைத்துப் பார்ப்பது? கண்ணாடி வாங்கலாமா, வெல்டிங் கண்ணாடி போதுமா, அந்தக் காலத்து மஞ்சள் தண்ணீர்த் தாம்பாளத்தில் என்ன குறை? 2019 டிசம்பர் 26, 2020 ஜூன் 21, 2022 அக்டோபர் 25 என்று மூன்று கிரகணங்களை மேற்கு மாம்பலத்தில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "சூரியன் முழுசாக மறைந்ததும் கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கலாம்" என்று ஒரு குறிப்பு இணையத்தில் எங்கும் இருக்கும். அது உண்மைதான், ஆனால் முழு கிரகணப் பாதைக்குள் நிற்பவர்களுக்கு மட்டும். சென்னையில் 2027-இல் அந்த நொடி வரவே வராது. 2031 மே 21 அன்று மதுரை, காரைக்குடிப் பக்கம் தெரியப்போவதும் வளைய கிரகணம்தான், நிலாவைச் சுற்றிச் சூரியனின் ஓரம் வளையமாக மிஞ்சி நிற்கும், அதிலும் நடுவில் கழற்றக் கூடாது. முக்கால்வாசி மறைந்துவிட்டதே என்றும் நினைக்கக் கூடாது. மிச்சமிருக்கும் கீற்று எப்போதும் போல அதே உக்கிரத்தோடுதான் எரிகிறது, சுற்றிலும் வெளிச்சம் மங்குவதால் கண் கூசுவது குறைந்து, நாம் தைரியமாக உற்றுப் பார்த்துவிடுகிறோம். விழித்திரைக்கு வலி தெரியாது. சுடும்போது ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் ஒரு மங்கல் தெரிய ஆரம்பிக்கும். என் பெரியப்பா 1980 பிப்ரவரி 16 அன்று, ஆந்திரா, கர்நாடகம் வழியாக முழு கிரகணம் போன நாளில், சென்னையில் வெறும் கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்தவர். இன்றைக்கும் வலது கண்ணை மட்டும் திறந்து பேப்பர் படித்தால், பார்க்கிற வார்த்தையின் நடு எழுத்து அவருக்கு இல்லாமல் போகிறது, பக்கத்து எழுத்துகள் தெளிவாக இருக்கும். இதற்கு உறுதியான சிகிச்சை கிடையாது. சிலருக்குச் சில மாதங்களில் தானாகத் தேறும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். அட்டைச் சட்டத்தில் கறுப்பு அல்லது வெள்ளி நிறப் படலம் ஒட்டி வருகிற கிரகணக் கண்ணாடி, ஐஎஸ்ஓ 12312-2 என்ற, சூரியனை நேராகப் பார்க்கும் கண்ணாடிகளுக்கான சர்வதேசத் தரத்தில் இருந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் லட்சத்தில் சுமார் மூன்று பங்குக்கு மேல் உள்ளே விடாது. சூரியனை நேராகப் பார்க்கிற அனுபவம் வேறு எதிலும் வராது, அதை நான் மறுக்கவே மாட்டேன். 2019-இல் மேகம் விலகிய ஒரு இடைவெளியில் கண்ணாடி வழியாக அந்த ஆரஞ்சுப் பிறையைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிக்கல் என்னவென்றால், அந்த ஐஎஸ்ஓ எண்ணை யார் வேண்டுமானாலும் அட்டையில் அச்சடித்துவிடலாம். கிரகணத்துக்கு முந்தின நாள் அவசரமாக நான் வாங்கிய நான்கில் ஒன்று, வீட்டுக்குள் மாட்டிப் பார்த்தால் டியூப்லைட் தெளிவாகத் தெரிந்தது. நல்ல கண்ணாடியில் வீட்டுக்குள் எதுவுமே தெரியக் கூடாது. செல்போன் டார்ச்சைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மங்கலாக ஒரு புள்ளி தெரியலாம், அவ்வளவுதான். அந்த ஒன்றைக் கிழித்துப் போட்டேன். இந்தச் சோதனையில் தேறிவிட்டது என்பதற்காக மட்டும் முழுசாக நம்பிவிடவும் முடியாது, நம்பகமான இடத்தில் வாங்குவதுதான் அடிப்படை. கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் மாதிரி இடத்தில் பொதுமக்களுக்கு ஏற்பாடு செய்தால் அங்கே போய்விடுவது இன்னும் நல்லது. பழைய கண்ணாடி வீட்டில் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்து ஊசித் துளை, கீறல், மடிப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குப்பைதான்.

குழந்தைகள் விஷயத்தில்தான் கண்ணாடி எனக்குப் பயம் தருகிறது. என் அக்கா மகளுக்கு அப்போது ஆறு வயது. அட்டைச் சட்டம் அவள் முகத்துக்குப் பெரிசு, மூக்கில் நிற்காமல் சறுக்கும், அவள் தலையை நிமிர்த்தியபடியே கையால் அதைத் தூக்கிவிடுவாள். குனிந்து மாட்டு, அப்புறம் நிமிர், மறுபடி குனிந்து கழற்று என்று பத்து தடவை சொன்னேன். கடைசியில் அவள் பின்னாலேயே நின்று சட்டத்தின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டேன். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று ஆள் இருந்தால் மட்டுமே இது சரிப்படும்.

வெல்டிங் கண்ணாடி நல்லதுதான், ஆனால் 14-ஆம் எண் வேண்டும், எண் கூடக் கூடக் கறுப்பு கூடும். பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடையில் கேட்டால் 10, 11 என்று எடுத்து வைத்து "இதுவும் கறுப்புதான் சார்" என்பார்கள். அது போதாது. இரண்டு 10-ஐ ஒன்றாக வைத்துப் பார்க்கிற கணக்கும் வேண்டாம். 14 கிடைத்தால் சூரியன் பச்சையாகத் தெரியும், படலம் மாதிரி கசங்காது, கீழே விழுந்தால் உடையும். பெரியவர்களுக்கு நல்ல மாற்று.

எக்ஸ்ரே ஃபிலிம், சிடி, கூலிங் கிளாஸ், புகையேற்றிய கண்ணாடி இவை எதுவுமே போட்டியில் இல்லை. கறுப்பாகத் தெரிவதும் கண்ணைக் காப்பதும் வேறு வேறு. எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் இருப்பதிலேயே தெரிகிறது, ஒரே ஃபிலிமில் இடத்துக்கு இடம் ஒளி வேறு அளவில் நுழைகிறது.

தாம்பாளத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் பாட்டிகள் சொல்லி வந்த வழி அது, மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். மஞ்சளோ சாணமோ கரைத்த தண்ணீரில் பிம்பத்தைப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். நேரே அண்ணாந்து பார்ப்பதைவிடப் பல மடங்கு மேல் என்பது வாஸ்தவம். ஆனால் சூரியன் உச்சியில் இருக்கும்போதே தண்ணீரின் மேற்பரப்பு சுமார் 2 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அதாவது லட்சத்தில் இரண்டாயிரம் பங்கு. கண்ணாடி விடுவது மூன்று. மஞ்சள் கரைத்தால் பாத்திரத்தின் அடி தெரியாமல் போகும், பிம்பம் தெளிவாகும், ஆனால் மேற்பரப்பில் எதிரொளிப்பது குறையவே குறையாது. 2027 கிரகணம் மாலை நேரம் வேறு, வெயில் சாய்வாக விழும்போது தண்ணீர் இன்னும் அதிகமாக எதிரொளிக்கும். அதனால் இந்த வழியை விட்டுவிடுவதுதான் நல்லது.

இனி, சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கிற வழிகள். ஷூ டப்பாவில் ஊசித் துளை போடச் சொல்லி எல்லோரும் எழுதுகிறார்கள், துளை வழியாக நுழைகிற ஒளி எதிர்ப்பக்கத்தில் சூரியனின் பிம்பமாக விழும், ஆனால் அந்தப் பிம்பம் எவ்வளவு பெரிசாக வரும் என்று யாரும் சொல்வதில்லை. துளைக்கும் திரைக்கும் ஒரு மீட்டர் தூரம் என்றால் பிம்பம் சுமார் 9 மில்லிமீட்டர். ஷூ டப்பா 30 சென்டிமீட்டர், ஆக 3 மில்லிமீட்டர், ஒரு கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. அதில் பிறையைத் தேடிக் குழந்தைகள் சலித்துப் போவார்கள். ஃபேன் வருகிற நீளமான அட்டைப்பெட்டி கிடைத்தால் பரவாயில்லை. அதைவிட ஜல்லிக்கரண்டியைத் தரைக்கு மேலே ஆளுயரத்தில் பிடித்தால் ஒவ்வொரு துளைக்கும் ஒரு பிறை விழும், பார்க்க அழகு. 2020 ஜூன் 21 ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் தளர்வே இல்லாத முழு ஊரடங்கு, எந்தக் கடையிலும் எதுவும் வாங்க வழியில்லை. சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேரே. எங்கள் வாசல் புங்கமரத்தின் இலை இடுக்குகள் வழியாக சிமென்ட் தரை முழுக்க ஒரு ஓரம் கடிபட்ட வட்டங்கள், காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து அசைந்தன. மெனக்கெடாமல் கிடைத்த காட்சி அது.

ஆனால் என் தேர்வு கைக்கண்ணாடிதான். முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் காகிதத்தால் மூடி, நடுவில் ஐந்து மில்லிமீட்டர் ஓட்டை மட்டும் விட்டு, வெயில் படுகிற பால்கனியில் செங்கல்லின் மேல் சாய்த்து வைத்தேன். ஒளி ஹாலைத் தாண்டிக் கடைசி அறையின் சுவரில் விழுந்தது, ஒன்பது மீட்டர் தூரம். திரைச்சீலையை இழுத்து இருட்டாக்கியதும் எட்டு சென்டிமீட்டர் அகலத்தில் சூரியப் பிறை சுவரில் நின்றது. ஓரம் கொஞ்சம் மங்கல், அது உண்மை. ஆனால் பத்து பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம், பேசிக்கொண்டே பார்க்கலாம், பென்சிலால் சுவரில் ஒட்டிய காகிதத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கோடு போட்டு நிலா நகர்வதைக் குறிக்கலாம். கிரகணம் முடியும்வரை வெளியே தலைகாட்டாத என் பாட்டி, அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்தார். "இதுவாடா அது?" என்று ஒரு தடவை கேட்டார், பிறகு கடைசிவரை சுவரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஒரே கவனம்: அந்தக் கண்ணாடியை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, ஒளி எதிர்வீட்டு ஜன்னலுக்கும் போகக் கூடாது. பால்கனிப் பக்கம் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டுவிடுங்கள்.

செல்போனில் படமெடுக்கிறவர்கள் சுவரில் விழுவதையே எடுங்கள், நன்றாக வரும். பைனாகுலர், டெலஸ்கோப் என்றால் சூரிய ஒளியைக் குறைக்கிற வடிகட்டி அதன் முன்பக்கம் இருக்க வேண்டும். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்த்தால், குவிந்து வருகிற ஒளி படலத்தையே பொசுக்கிவிடும்.

2027-க்கு இன்னொரு விஷயம். மாலைச் சூரியன் மேற்கே, அதனால் மெரினாவுக்கு ஓட வேண்டியதில்லை, கடல் நமக்குக் கிழக்கே. 2022 தீபாவளிக்கு மறுநாள் கிரகணத்தில் சூரியன் மறையப் போகிற நேரம் வந்ததால், பக்கத்து அடுக்குமாடி மறைத்து எங்களுக்குப் பாதி போய்விட்டது. ஜூலை கடைசி வாரத்தில் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு உங்கள் மாடியில் ஏறி மேற்கே என்ன மறைக்கிறது என்று பார்த்துவையுங்கள், பால்கனியில் அந்த நேரம் வெயில் எந்த இடத்தில் விழுகிறது என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கைக்கண்ணாடி அங்கேதான் வைக்க வேண்டியிருக்கும்.