வீடா, ஸ்கூலா? பேரிடருக்கு அப்புறம் 10-14 வயசுப் பசங்களுக்கு எது தெம்பு

வெள்ளம், பூகம்பம்னு தப்பிச்சு வந்தது சின்னக் குழந்தைன்னா யோசிக்காம குடும்பம்தான் தெம்புன்னு சொல்லிடலாம், ஆனா 10-14 வயசு கொஞ்சம் சிக்கல்.

குடும்பம்னா ராத்திரியும் கூடவே இருக்கும், கெட்ட கனவு கண்டு முழிச்சா பக்கத்துல ஆள் இருக்கு. ஆனா அந்த அம்மா அப்பாவும் வீட்டை இழந்தவங்கதானே, அவங்க உடைஞ்சு போயிருந்தா அந்தப் பதட்டம் பசங்களுக்கும் தொத்திக்கும், இது பல ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப வந்த விஷயம். அதுவும் இந்த வயசுல பெத்தவங்க அழறதைப் பாத்துட்டு தன் பயத்தை அப்படியே முழுங்கிடுவாங்க, நாமளும் "எவ்ளோ தைரியமா இருக்கான் பாரு"ன்னு பெருமைப்பட்டுட்டு இருப்போம்!

ஸ்கூல்ல பாடத்தை விட பெல்லும் டைம்டேபிளும்தான் மருந்து, அடுத்து என்ன நடக்கும்னு தெரியறதே பெரிய நிம்மதி. 1992ல ஃப்ளோரிடாவை அடிச்ச ஆண்ட்ரூ புயலுக்கு அப்புறம் பசங்களை ஆராய்ஞ்சவங்க பெத்தவங்க, ஃப்ரெண்ட்ஸ், கிளாஸ்மேட்ஸ், டீச்சர்னு ஆதரவைத் தனித்தனியா பாத்தாங்க, ஏன்னா ஒவ்வொருத்தர் குடுக்கறதும் வேற வேற. மைனஸும் இருக்கு. ஃப்ரெண்ட்ஸ் சேந்து அதே பயத்தையே மணிக்கணக்கா பேசிட்டிருந்தா கவலை கூடத்தான் செய்யும், வேற ஊருக்கு மாத்திட்டா அந்த செட்டே கலைஞ்சிடும்.

என்னைக் கேட்டா, பெத்தவங்க ஓரளவு நிதானமா இருந்தா குடும்பத்துக்குத்தான் என் ஓட்டு. அவங்களே ஆடிப் போயிருந்தா, டென்ட்லயாவது ஸ்கூலை சீக்கிரம் திறந்து, பெரிய பசங்களுக்கு சின்னப் பசங்களைப் பாத்துக்கற மாதிரி ஏதாவது பொறுப்பு குடுக்கறது பெட்டர், அதோட பெத்தவங்களுக்கும் தனியா கவுன்சலிங் வேணும்.