அம்மாவின் கிச்சன் மேடைக்குக் கல் எடுத்த கதை

இந்த முறை மெல்போர்னில் இருந்து சேலத்துக்குக் கிளம்பும்போதே அம்மா சொல்லிவிட்டார்: "கோயிலு, கல்யாணம் எல்லாம் அப்புறம் கண்ணு. வந்ததும் மொதல்ல கிச்சன் மேடைக்குக் கல்லு எடுக்கணும்." வீடு கட்டியபோது போட்ட கடப்பா கல்தான் இதுநாள் வரை ஓடியது. புளிக்கரைசல் சிந்திய இடம், எலுமிச்சை பிழிந்த இடம் எல்லாம் வெளுத்துத் திட்டுத்திட்டாக இருந்தது. கடப்பா என்பது சுண்ணாம்புக் கல் வகை. புளிப்பு பட்டால் பளபளப்பு போய்விடும். சிங்க் பக்கம் ஒரு விரிசல் வேறு.

எனக்கு இருந்தது மூன்றரை வாரம். ஒரு மேடைக்கு இது தாராளம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் சேலத்திலேயே ஒரு ஷோரூம். ஏசி, காபி எல்லாம் உண்டு. நான் எங்கிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் அங்கிருந்த பையன் நேராகக் குவார்ட்ஸ் பலகைகளிடம் கூட்டிப்போனார். "ஆஸ்திரேலியாவுல எல்லாரும் இதான் மேடம் போடறாங்க." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போட்டார்கள், உண்மைதான். எங்கள் மெல்போர்ன் வீட்டிலும் அதுதான். ஆனால் 2024 ஜூலை 1 முதல் அங்கே அந்தச் செயற்கைக் கல்லைச் செய்யவோ விற்கவோ பொருத்தவோ கூடாது. குவார்ட்ஸ் தூளைப் பிசினில் குழைத்துச் செய்யும் பலகை அது. பல ரகங்களில் 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. அதை அறுத்த தொழிலாளர்கள் பலருக்கு, சின்ன வயதுக்காரர்களுக்குக்கூட, அந்தத் தூசியால் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் நோய் வந்தது. அதனால்தான் தடை. வீட்டில் ஏற்கெனவே பொருத்தியிருக்கும் பலகையால் நமக்கு ஆபத்தில்லை, ஆபத்து அறுக்கிறவருக்கு. இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மேடம், அப்ப நானோ ஒயிட் பாருங்க" என்றார். அதுவும் செயற்கைப் பலகைதான், பால் போல வெள்ளை. மஞ்சள்தூளும் சாம்பாரும் புழங்கும் சமையலறைக்கு அதைப் போடச் சொல்ல அவருக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.

மறுநாள் மாமாவின் காரில் கிருஷ்ணகிரி. நெடுஞ்சாலை ஓரமாகவே கிரானைட் அறுக்கும் பட்டறைகளும், பலகைகளை வெளியில் அடுக்கி விற்கும் யார்டுகளும் வரிசையாக நிற்கும் ஊர். கல் எடுக்க ஷோரூமுக்குப் போவதைவிட இப்படி யார்டுக்குப் போவதே மேல் என்பது என் கருத்து. வெயிலில் நிற்கும் கல்லில் எதையும் மறைக்க முடியாது.

கல்லின் பெயர்களை மட்டும் நம்பக் கூடாது என்று அங்கேதான் தெரிந்தது. காஷ்மீர் ஒயிட் என்று எழுதியிருந்த கல்லைப் பார்த்து, "அவ்வளவு தூரத்துல இருந்தா வருது?" என்று மாமா கேட்டார். கடைக்காரர் ராஜஸ்தான்காரர், நம்மைவிட நல்ல தமிழ். "மதுரைப் பக்கம் சார்" என்றார். வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்த மாதிரி அழகான கல், ஆனால் தண்ணீரைக் குடிக்கும். பிளாக் கேலக்ஸி ஆந்திராவின் சீமகுர்த்தியில் இருந்து வருகிறது, டான் பிரவுன் தெலங்கானாவின் கரீம்நகர்ப் பக்கம். பாரடைசோ கிருஷ்ணகிரிச் சரக்கேதான். திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கருப்பும் இருந்தது. வியாபாரத்தில் இவை எல்லாமே கிரானைட். புவியியல்காரர்களைக் கேட்டால் கருப்பு வகைகளைக் கிரானைட் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது வேறு பாறைக் குடும்பம், அதில் குவார்ட்ஸ் என்ற தாது குறைவு. புளிப்புக்கு அசையாத கெட்டிக் கல்லாக இருந்தால் நமக்குப் போதும்.

கைப்பையில் அரை எலுமிச்சம்பழமும், ஒரு சின்ன பாட்டிலில் பெயின்ட் தின்னரும், வெள்ளைத் துணியும் கொண்டுபோயிருந்தேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அதுதான் காப்பாற்றியது. தண்ணீரைத் தெளித்துப் பத்து நிமிடம் விட்டால், குடிக்கிற கல் அந்த இடத்தில் கருத்து நிற்கும். காஷ்மீர் ஒயிட் அங்கேயே கழிந்தது. விலை மலிவாகச் சொன்ன ஒரு கருப்புக் கல்லில் தின்னர் துணியால் தேய்த்தேன். துணி கருப்பாக வந்தது. சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றி விற்கிற வேலை. கடைக்காரர் அசரவில்லை, "அது வேற லாட்டு மேடம்" என்று அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டார்.

இப்போது நிறம். நான் மனதுக்குள் பாரடைசோ என்று முடிவுகட்டி வைத்திருந்தேன். அலை அலையாக ஓடும் கல், கறையே தெரியாது. வீடியோ காலில் அம்மாவிடம் காட்டி இதைத்தான் பெருமையாகச் சொன்னேன். "கறை தெரியாட்டி எப்படிக் கண்ணு தொடைக்கறது? எறும்பு ஊருனாக் கண்ணுக்குத் தெரியணுமில்ல?" என்றார். எனக்குப் பதில் இல்லை. அவருக்குக் கருப்புதான் வேண்டும். கருப்பு பளபளப்பில் எங்கள் போர்த் தண்ணீரின் உப்புத்தடம் வெள்ளையாகத் தெரியுமே என்று கடைசியாக ஒரு வாதம் வைத்தேன். "தெரியட்டும். தொடைச்சுக்கறேன்." முப்பது வருஷமாக அந்த மேடையில் நிற்பவர் அவர். குன்னம் கருப்பு முடிவானது.

ஃபினிஷிலும் தோற்றேன். மெல்போர்னில் இப்போது லெதர் ஃபினிஷ் மேல் எல்லோருக்கும் ஒரு ஆசை. பளபளப்பில்லாமல், தடவினால் மெல்லிய மேடுபள்ளம் தட்டும். அழகுதான். சப்பாத்தி தேய்த்தால் மாவு அந்தப் பள்ளங்களில் போய் உட்காரும், அவ்வளவுதான் குறை. மிரர் பாலிஷே போட்டோம்.

கனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாய்ச்சொல்லில் எல்லாக் கல்லும் 20 எம்.எம். அளந்து பார்த்தால் 16, 17. சின்ன பிளேடில் அறுக்கும் கட்டர் ஸ்லாப் என்றால் ஒரே பலகையில் இந்தப் பக்கம் ஒரு அளவு, அந்தப் பக்கம் ஒரு அளவு. கேங்சா என்ற பெரிய ரம்ப இயந்திரத்தின் அறுப்பு சீராக இருக்கும், பலகையும் பெரியது. இரண்டடி அகல மேடைக்குக் கட்டர் போதும் என்றார்கள், எடுத்துக்கொண்டோம். சதுர அடி 185 ரூபாய். சேலத்து ஷோரூமில் இதே பெயருக்கு 260 சொல்லியிருந்தார்கள். முனை உடைந்த பகுதியை விட்டுத்தான் டேப்பைப் பிடிக்க வேண்டும் என்று மாமா பிடிவாதமாக நின்று அளக்க வைத்தார். டெம்போ வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் தனி.

ஓரம் விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. முழு வட்டமாக உருட்டுவதைத்தான் எல்லோரும் சொன்னார்கள். அப்படி உருட்டினால் மேலே சிந்தும் தண்ணீர் வளைவோடு வழுக்கி அடிப்பக்கம் போய், கீழே கப்போர்டு கதவில் சொட்டும். கூர்மையாக விட்டால் கிரைண்டர் கல்லைத் தூக்கி வைக்கும்போது ஓரம் சில்லுச்சில்லாகப் போகும். மேல் விளிம்பை மட்டும் உருட்டி, அடியை மட்டமாக விட்டு, அந்த அடிப்பக்கத்தில் ஓரத்தில் இருந்து அரை இஞ்ச் உள்ளே ஒரு கோடு கீறச் சொன்னேன். தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டாது, அங்கேயே சொட்டிவிடும். ஓரத்தின் நீளத்தில் அடிக்கு 90 ரூபாய், கோட்டுக்குத் தனிக் காசு இல்லை. கேட்டால் மட்டும்தான் போடுகிறார்கள்.

இனி வயிற்றெரிச்சல். பிடித்த பலகையில் சாக்பீஸால் பெயர் எழுதி, படம் எடுத்து, முன்பணமும் கொடுத்து வந்தேன். நான்காம் நாள் வந்து இறங்கியது வேறு பலகை. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் நடுவில் மயிரிழை போல ஒரு விரிசல், ரெசின் ஊற்றி மெழுகியிருந்தார்கள். படத்தை அனுப்பினேன். "எல்லாம் ஒரே கல்லுதான் மேடம்." மீதிப் பணத்தை நிறுத்தி வைத்த பிறகுதான் சரியான பலகை வந்தது, ஆறு நாள் கழித்து. நாமே அவசரத்தில் இருக்கிறோம், விமானத்துக்குத் தேதி இருக்கிறது என்பதை அவர்களிடம் முதல் நாளே உளறியது என் தப்பு.

சிங்க் ஓட்டையை யார்டிலேயே வெட்டி அனுப்பலாமே என்று கேட்டிருந்தேன். ஓட்டைக்கு முன்னால் மிஞ்சுவது மூன்று இஞ்சுப் பட்டை, டெம்போ குலுக்கலில் அதுதான் முதலில் ஒடியும், அதனால் வீட்டில்தான் வெட்டுவார்கள். நியாயம்தான். ஆனால் வந்த தம்பி ஹாலிலேயே பலகையைச் சாய்த்து மெஷினை ஓட்டினார். ஒரு நிமிடத்தில் எதிரே இருப்பவர் தெரியவில்லை. மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. நிறுத்தச் சொன்னேன். பலகையைப் பின்வாசலுக்குத் தூக்க வைத்து, மெடிக்கலில் மாஸ்க் வாங்கி வந்து கொடுத்து, மக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றேன். "தண்ணி ஊத்துனா மார்க்கு தெரியாதுக்கா" என்று முனகினார். பேனாவால் போட்ட கோட்டின் மேல் டேப் ஒட்டினோம், தெரிந்தது. கருப்புக் கல்லில் சிலிக்கா குறைவு, சரி. இவர் நாளைக்கு வேறு வீட்டில் குவார்ட்ஸ் அறுப்பாரே. வயது இருபது இருக்கும்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் மேடை முடிந்தது. வெட்டி எடுத்த சிங்க் துண்டை அந்தத் தம்பி வண்டியில் ஏற்றப் போனார். அம்மா விடவில்லை. "கல்லுக்குக் காசு குடுத்தது நாங்க." அவரிடமே இருநூறு ரூபாய் கொடுத்து நான்கு ஓரமும் உருட்ட வைத்து, சப்பாத்திக் கல் ஆக்கிவிட்டார். என் பெட்டியில் வைத்துவிடலாமா என்று கேட்டார். தூக்கிப் பார்த்தேன், எப்படியும் பத்துக் கிலோ. அது சேலத்திலேயே இருக்கிறது.