மான் விரட்ட ஏர்கன் (காற்றுத் துப்பாக்கி) வாங்கப் போகிறீர்களா? என் 18,500 ரூபாய் போன விதத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்

அழகர்மலை அடிவாரத்தில் கடலை போட்டிருக்கிற அத்தனை பேரும் இதைப் படியுங்கள். தோட்டத்துக்கு எந்த ஏர்கன் சரிவரும், எதையெதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

கடலை பூத்து விழுது இறங்குகிற நேரம் பார்த்துப் புள்ளிமான்கள் கூட்டமாக வருகின்றன. பழைய சேலை கட்டியாயிற்று, வெடி போட்டாயிற்று, எதற்கும் அசையவில்லை. அவற்றைச் சுடும் எண்ணம் எனக்கு இல்லை. வேலியோரம் தகரத்தைத் தொங்கவிட்டு, பரணில் இருந்தபடியே அதில் ஒரு பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) அடித்தால் சத்தத்தில் கூட்டம் கலைந்துவிடும். பரணிலிருந்து வேலி நாற்பது மீட்டர் இருக்கும். என் தேவை அவ்வளவுதான்.

சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து ஏர்கன் விற்கும் கடை ஒன்று கண்ணில் பட்டது. போன் எடுத்தவனிடம் முதல் கேள்வியே உரிமத்தைப் பற்றித்தான் கேட்டேன். "4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்குள் ஆற்றல். 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை அண்ணே" என்று தடுமாறாமல் சொன்னான். விதி அப்படித்தான் இருக்கிறது, அதில் பொய் இல்லை. அதற்குப் பிறகு எத்தனை ஏக்கர், இறவையா மானாவாரியா என்றெல்லாம் விசாரித்தான். "எங்கள் அப்பாவுக்கும் நத்தம் பக்கம் தோட்டம்தான் அண்ணே. போன வருஷம் பாதிக் கடலை மானுக்குத்தான் போனது" என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். களையெடுப்புக் கூலிக்கு வைத்திருந்த 18,500 ரூபாயை அன்று இரவே யுபிஐயில் அனுப்பினேன். ஆதார் நகல்கூட அவன் கேட்கவில்லை.

பெட்டி வந்தது. குழலை மடக்கி, உடன் அனுப்பியிருந்த 4.5 பெல்லட்டை உள்ளே போட்டேன். கையை லேசாகச் சாய்த்தேன். பெல்லட் குழல் முழுக்க உருண்டு, மறுமுனை வழியாக என் கால் பெருவிரலில் விழுந்தது! நம்ப முடியாமல் இன்னொன்றைப் போட்டேன். அதுவும் விழுந்தது. குழலில் '4.5' என்று ஒட்டியிருந்த வெள்ளிக் காகிதத்தை நகத்தால் சுரண்டினால், அடியில் இரும்பில் பொறித்திருக்கிறது: 5.5. உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாத அளவு அது. பணமும் போய், ஆயுதச் சட்ட வழக்குக்கும் என்னை ஆளாக்கி அனுப்பியிருக்கிறான் பாவி.

போன் செய்தேன். "பெல்லட் மாறி வந்துவிட்டது அண்ணே, 600 ரூபாய் போடுங்கள், சரியானதை அனுப்புகிறேன்." குழல் அளவே தப்பு என்றேன். "அது கம்பெனி ஸ்டிக்கர், எங்களுக்குத் தெரியாது." திருப்பி எடுத்துக்கொள் என்றேன். "பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே." பிரிக்காமல் எப்படிடா பார்ப்பது? மறுநாள் வேறு ஒரு குரல், "சார், பில்லைப் பாருங்கள்" என்றது. பார்த்தேன். 'விளையாட்டுப் பொருள்' என்று போட்டிருக்கிறது. 18,500 ரூபாய்க்கு விளையாட்டுப் பொருள்! அண்ணன் சாராகிவிட்டேன். அதன் பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார்கள்.

இன்னொரு கூத்து. அமெரிக்காவில் காட்டுக்குள் கிட்டத்தில் வைத்து மான் அடிக்க இந்த ரகம்தான் என்று அவர்கள் பக்கத்தில் ஒரு வீடியோ ஓடுகிறது. என் அக்கா மகன் பார்த்துவிட்டுச் சிரித்தான். அங்கே புதர்க்காட்டில் கிட்டத்து வேட்டைக்கு எடுப்பது 12 போர் (குழல் அளவு) ஷாட்கன்னில் ஒற்றைக் குண்டு, இல்லையென்றால் 30-30 என்ற ரகத் தோட்டா போடும் லீவர் ரைபிள். அந்த ரைபிள் தோட்டாவின் ஆற்றல் ஏறக்குறைய 2,500 ஜூல். நம் ஊரில் உரிமமில்லாமல் கிடைப்பது 20 ஜூல். அதை வைத்து மானை அடித்தால் மான் சாகாது, புண் சீழ்பிடித்துப் பல நாள் துடிக்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காயப்படுத்துவதும் வேட்டைதான். அடிக்கிறவன்தான் உள்ளே போவான், விற்றவன் போக மாட்டான்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. நேரில் போய், உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் மட்டும் வாங்குங்கள். ஸ்டிக்கரை நம்பாதீர்கள், குழலில் பொறித்த எண்ணைப் படியுங்கள். கடைக்காரர் முன்னாலேயே பெல்லட்டைப் போட்டுப் பாருங்கள். பில்லில் மாடலும் போர் அளவும் இல்லையென்றால் காசு கொடுக்காதீர்கள். பயிர் அழிந்தால் வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். இழுத்தடிப்பார்கள், இருந்தாலும் கொடுங்கள்.

சைபர் மோசடிக்கான 1930 எண்ணுக்கும் நுகர்வோர் உதவிக்கான 1915 எண்ணுக்கும் புகார் சொல்லியாயிற்று. நாளைக் காலை அந்தச் சனியனை எழுதிக் கொடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போகிறேன். இதே '4.5' ஸ்டிக்கரோடு வேறு யாருக்காவது வந்திருந்தால் கீழே சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.