“முழு மாடலும் எல்.ஓ.டி. 400” என்று சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்

பிம் மாடல் (கட்டடத்தைத் தகவல்களோடு கணினியில் உருவாக்கும் முப்பரிமாண மாதிரி) வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுக்க இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் பட்டது இன்னொருவருக்கு வரக்கூடாது.

ஒரு அலுவலகக் கட்டடத்தில் ஏசி, குழாய், மின்சார வேலைகளை ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. மாடல் செய்ய இரண்டு நிறுவனங்கள் வந்தன. ஒன்று, எந்தப் பொருளுக்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு விவரம் வேண்டும், எதற்காக வேண்டும் என்று கேள்வி மேல் கேள்வி கேட்டது. இன்னொன்று, “முழு மாடலும் எல்.ஓ.டி. 400-இல் தருகிறோம், கடைசியில் 500” என்றது. எல்.ஓ.டி. (Level of Development) என்பது மாடலில் உள்ள பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் எண். கேள்வி கேட்டவர்களைத் தொல்லை என்று நினைத்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். ஒப்பந்தத்திலும் அந்த ஒரே வரிதான் இருந்தது.

வந்த மாடல் பார்க்க அவ்வளவு அழகு. பம்பின் போல்ட்டில் மரை தெரிந்தது, கதவுப் பூட்டில் சாவித் துவாரம் இருந்தது. எல்லாம் தயாரிப்பாளர்களின் தளங்களிலிருந்து இறக்கிய ரெவிட் ஃபேமிலிகள், அதாவது ரெவிட் மென்பொருளில் அப்படியே போடக்கூடிய ஆயத்தப் பொருள்கள். ஃபைல் திறக்கவே நெடுநேரம் ஆகும். மோதல்களைக் கண்டுபிடிக்கும் நேவிஸ்வொர்க்ஸ் மென்பொருளில் போட்டால் போல்ட்டும் வாஷரும் மோதுவதாக நூற்றுக்கணக்கான கிளாஷ்கள். அந்தக் குப்பைக்குள் நிஜமான மோதல்கள் புதைந்து போயின.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தேவையான எதுவும் மாடலில் இல்லை. ஏசி காற்று போகும் டக்டுக்கு இன்சுலேஷன் தடிமன் இல்லை, குழாய்களைத் தொங்கவிடும் ஹேங்கர் இல்லை, கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு இல்லை, வால்வைத் திருப்பக் கை நுழையும் இடம் இல்லை. சைட்டில் டக்டை மாட்டி இன்சுலேஷன் சுற்றிய பிறகு பக்கத்துக் குழாய் நுழையவில்லை. மாட்டியதைக் கழற்றி, குழாயின் பாதையை மாற்றி, மறுபடி மாட்டினோம். அந்தச் செலவு முழுக்க எங்கள் தலையில்.

கேட்டதற்கு, “போல்ட் வரைக்கும் இருக்கிறதே, இதுதான் 400” என்றார்கள். இல்லை. எல்.ஓ.டி.யில் உள்ள ‘டி’ அலங்கார விவரத்தைக் குறிப்பதல்ல. அந்தப் பொருளின் அளவு, இடம், இணைப்புகள் எந்த அளவுக்கு முடிவாகியிருக்கின்றன, அதை எவ்வளவு நம்பலாம் என்பதைத்தான் குறிக்கிறது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் சங்கம் 2008-இல் தன் ஒப்பந்தப் படிவத்தில் 100 முதல் 500 வரையிலான நிலைகளை வைத்தது. பிறகு பிம்ஃபோரம் என்ற அமெரிக்கத் துறை அமைப்பு நடுவில் 350-ஐச் சேர்த்தது. தாங்கிகளும் மற்ற அமைப்புகளோடு சேரும் இடங்களும் அந்த நிலையில்தான் வரும். எங்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். இடமும் அளவும் முடிவாகாத பம்பில் மரை வரைந்தாலும் அது 200-க்கு மேல் போகாது. நிலை என்பது ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி, ‘முழு மாடலும் 400’ என்ற பேச்சே தவறு.

500 விஷயத்தில் நடந்தது அதைவிட மோசம். 500 என்றால் கட்டிய பிறகு இடத்தில் சரிபார்த்தது என்று பொருள். இவர்கள் ஒரு நாள்கூட சைட்டுக்கு வந்து அளக்கவில்லை, பழைய மாடலுக்கே பெயரை மாற்றிப் பில் போட்டார்கள். தொகையில் பெரும்பகுதி அதற்குள் போய்விட்டது.

பிம் தகவல் மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 19650-இன் முதல் பகுதி 2018-லேயே வந்துவிட்டது. தேவைக்கு மேற்பட்ட தகவல் விரயம் என்று அதிலேயே இருக்கிறது. எதற்காக, எப்போது, யாருக்கு, எந்தப் பொருள் என்று முதலில் கேட்க வேண்டும். நாங்கள் தொல்லை என்று ஒதுக்கிய நிறுவனம் கேட்டதும் அதையேதான்.

நீங்கள் வேலையைக் கொடுப்பதாக இருந்தால், எந்தக் கட்டத்தில் எந்த நிலை என்று பொருள்வாரியாக ஒரு அட்டவணையை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். முதல் தவணைக்கு முன்பே நெரிசலான ஒரு நடைபாதையின் சீலிங்கை மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள். அதில் ஏதாவது ஒரு டக்டைத் தொட்டு, இன்சுலேஷன் எவ்வளவு, எதில் தொங்குகிறது, வால்வுக்குக் கை எப்படிப் போகும் என்று கேளுங்கள். கடைசித் தவணையை, இடத்தில் எடுத்த அளவுக் குறிப்புகள் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

எங்கள் கட்டடத்தில் இப்போது சீலிங் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, நாங்களே அளந்துகொண்டிருக்கிறோம்.