கூலன்ட் நிறைய இருக்கு, முள்ளும் மேலே நிற்குது: வால்வா, ரேடியேட்டரா, ஃபேனா?

முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றுகிற காற்று காரையே ஒரு பக்கம் தள்ளும். அந்தக் காற்றுக்குள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் என் பழைய பெட்ரோல் வண்டியின் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டியது. காவல்கிணறு விலக்கில் நாலு வழிச் சாலை ஏறி எண்பதைத் தொட்டதும் சிவப்புக்குப் பக்கத்தில் போய்விட்டது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் கூலன்ட் சொட்டுக் குறையவில்லை.

மூன்று பேர் மூன்று வைத்தியம் சொன்னார்கள். நாகர்கோவில் வடசேரிப் பக்கம் தெரிந்த மெக்கானிக், "அண்ணே, தெர்மோஸ்டாட் வால்வை எடுத்துத் தூரப் போட்டுருவோம். நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?" என்றார். இன்ஜின் சூடேறியதும் திறந்து கூலன்டை ரேடியேட்டர் வழியாக ஓடவிடுகிற கதவு அது. சர்வீஸ் சென்டரில் ரேடியேட்டரையே மாற்றச் சொன்னார்கள். மச்சினன், "ஃபேனை டைரக்ட் குடுத்துருங்க அத்தான், பிரச்சினை தீர்ந்துது" என்றான், அதாவது சென்ஸாரை நம்பாமல் ஃபேன் எப்போதும் சுற்றும்படி நேராக வயர் கொடுப்பது.

மூன்றையும் எடைபோடுமுன் ஒரு சங்கதி. கூலன்ட் நிறைந்திருப்பது எங்கே? ரிசர்வ் டேங்கில் கோடு வரை இருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. ரேடியேட்டர் கேப் கெட்டுப்போனால், சூட்டில் டேங்குக்குப் போன கூலன்ட் ஆறின பிறகு திரும்ப உறிஞ்சப்படாது. டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் குறைந்திருக்கும். காலையில் இன்ஜின் பச்சைத் தண்ணீர் போல ஆறிக் கிடக்கும்போது கேப்பைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் முகம் வெந்துவிடும். கேப்தான் இருப்பதிலேயே மலிவான சாமான், அதை முதலில் சந்தேகிப்பதில் நஷ்டமில்லை. என் வண்டியில் கேப் சரியாக இருந்தது.

அடுத்து, எங்கே சூடாகிறது? மார்த்தாண்டம் நெரிசலில் நின்று நின்று போகும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் மச்சினன் கட்சிக்கு ஓட்டு: ஃபேன். ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்றே போதும், நிற்கிற வண்டிக்குத்தான் ஃபேன் வேண்டும். என்னுடையது தலைகீழ். நெரிசலில் அமைதி, வேகத்தில் கொதிப்பு. அப்படியென்றால் கூலன்ட் ஓட்டத்தில் தடை, இல்லையென்றால் ரேடியேட்டர் அடைப்பு.

வால்வைப் பிடித்துக்கொண்டேன். முள் ஏறி நிற்கையில் மேல் ஹோஸ் கை வைக்க முடியாத சூடு, கீழ் ஹோஸ் வெதுவெதுப்பு மட்டும். வால்வு முழுக்கத் திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது. எது என்று தெரிய அடுக்களையே போதும். பழைய வால்வைக் கழற்றி, புதிதாக வாங்கியதையும் சேர்த்து, இரண்டையும் நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டேன். "உங்களுக்குப் பால் காச்சுற சட்டிதான் கெடைச்சுதா?" என்று பின்னால் குரல் வந்தது. வால்வுக்குள் இருக்கிற மெழுகு சூட்டில் விரிந்துதான் கதவைத் தள்ளும். புதிதில் 82 என்று அச்சிட்டிருந்தது, திறக்க ஆரம்பிக்கிற டிகிரி அது. தண்ணீர் தளதளக்குமுன்பே வாயைத் திறக்க ஆரம்பித்து, கொதித்தபோது சுண்டுவிரல் நுனி போகிற அளவு திறந்தது. பழையது கொதிக்கிற தண்ணீரிலும் நகக்கண் அளவு திறந்துவிட்டு நின்றுகொண்டது. மெதுவாகப் போகும்போது அந்தச் சந்து போதும். எண்பதில் போதவில்லை.

அப்படியானால் மெக்கானிக் சொன்னதுபோல எடுத்தே விட்டால் என்ன? வழியில் மாட்டிக்கொண்டால், வீடு வரை வருவதற்குச் சரி. நிரந்தரமாக வேண்டாம். பல இன்ஜின்களில் வால்வு திறக்கும்போதே அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். வால்வே இல்லையென்றால் அந்த வழி எப்போதும் திறந்து கிடக்கும், சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் பம்புக்குத் திரும்பும். சாதா ஓட்டத்தில் இன்ஜின் சூடேறாமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், பாரம் ஏற்றி மேடேறினால் முன்னைவிடக் கொதிக்கவும் செய்யலாம். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இவ்வளவு தேவையா?

சர்வீஸ் சென்டர்காரர்களை முழுக்கக் குறை சொல்லவும் மனசில்லை. குளச்சல், முட்டம் என்று கடலோரத்தில் நிறுத்துகிற வண்டிகளின் ரேடியேட்டர் ஃபின்களை, அதாவது மெல்லிய தகடுகளை, உப்புக்காற்று தின்றுவிடும், விரலால் தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். அப்படியானதைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஃபின் நன்றாக இருந்து, முன்னால் நிற்கிற ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் தூசி பஞ்சு மாதிரி படிந்திருந்தால், இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி மெல்லத் தண்ணீர் அடித்தாலே பாதி நோய் போகும். உள்ளே கல் படிவது வேறு கதை. கூலன்டுக்குப் பதில் உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு அது வரும். பழைய பித்தளை ரேடியேட்டரைத் திறந்து, கம்பி விட்டுக் குத்திப் பற்றவைத்தார்கள். இப்போதைய அலுமினியம், பிளாஸ்டிக் தொட்டிக்கு அந்த வைத்தியம் ஒத்துவராது. ஆசிட் ஊற்றினால் அலுமினியத்தையே அரித்துவிடும்.

ஃபேன் டைரக்ட் விஷயம்: நிற்கும்போது ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேனும் கூடவே சுற்றும். ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றாவிட்டால் மோட்டாரில் குற்றமில்லை, சென்ஸார் அல்லது வயரிங் பக்கம் பாருங்கள். டைரக்ட் கொடுப்பதென்றாலும் ஃபியூஸும் ரிலேயும் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், வெறும் வயர் உருகும். ஒரு எச்சரிக்கை, இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றலாம், கையை உள்ளே விடாதீர்கள்.

இது எதிலும் அகப்படாவிட்டால் வாட்டர் பம்பின் இறக்கை தேய்ந்திருக்கலாம். அதையும் தாண்டினால் ஹெட் கேஸ்கெட், இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற தகடு, போயிருக்கலாம். ஆறின வண்டியைக் கேப் திறந்தபடி ஸ்டார்ட் செய்தால் குமிழி நிற்காமல் வரும், கேப்பை மூடி ஓடவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே ஹோஸ் கல் மாதிரி இறுகும். அந்த வண்டியை ஓட்டாதீர்கள், ஹெட் வளைந்தால் லேத்தில் அதை மட்டமாகச் சீவுகிற ஃபேசிங் செலவு வேறு.

வால்வை மாற்றி, கூலன்ட் ஊற்றி, ஹீட்டரைத் திறந்துவைத்துக் காற்றை வெளியேற்றினேன். அதே காவல்கிணறு, அதே எண்பது, முள் பாதியிலேயே நின்றது. பழைய வால்வை மெக்கானிக்கிடம் காட்டியபோது திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதத்தானே அண்ணே நானும் தூரப் போடச் சொன்னேன். புதுசு எதுக்கு வாங்குனீங்க?"