டிர், வார்ஸ், கெட்மெம்பர்ஸ்: எது பார்க்கிறது, எது தொடுகிறது

ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் ஓர் ஆப்ஜெக்ட் கையில் இருக்கிறது. அதில் என்னென்ன அட்ரிபியூட் (அதனோடு ஒட்டிய பெயரிட்ட மதிப்புகள், மெத்தட்கள்) இருக்கின்றன என்று தெரிய வேண்டும். பைத்தான் மொழியில் இதற்கு டிர், வார்ஸ், கெட்மெம்பர்ஸ் என்று ஐந்தாறு வழிகள் உண்டு. எது முதலில் நினைவுக்கு வருகிறதோ அதை அடித்துவிட்டுப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன், பிழையைப் பதிவு செய்ய எழுதிய லாக் ஃபங்ஷனே ஒருநாள் நிரலைக் கவிழ்க்கும் வரை. அந்தக் கதை அப்புறம்.

ஒப்பிட ஒரு சின்ன கிளாஸ் வேண்டும். பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம், வைத்துவிடுவோம். 'ஆவணம்' தாய் கிளாஸ், அதில் 'திற' என்ற மெத்தட். அதிலிருந்து பிறப்பது 'கோப்பு'. கோப்பின் கிளாஸ் மட்டத்தில் 'மொத்தம்' என்று ஓர் எண். ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் இனிட் மெத்தட், செல்ஃபில், அதாவது அந்த ஆப்ஜெக்டிலேயே, ஒட்டுவது 'பெயர்'. 'அளவு' என்பது ப்ராப்பர்ட்டி, பார்க்க அட்ரிபியூட், உள்ளே ஓடுவது ஒரு ஃபங்ஷன்; கேட்கும்போதெல்லாம் டிஸ்க்கில் போய்ப் பார்த்துச் சொல்லும்.

இந்தக் கோப்பில் ஓர் ஆப்ஜெக்ட் உருவாக்கி டிர் கொடுத்தால் எல்லாப் பெயரும் வரும்: பெயர், மொத்தம், அளவு, தாயிடமிருந்து வந்த திற, கூடவே முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட இருபதுக்கும் மேற்பட்ட உள்ளமைந்த பெயர்கள். எது யாருடையது என்று டிர் சொல்லாது. அகரவரிசையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதுவும் வெறும் பெயர்தான், மதிப்பு கிடையாது. ஒரு கிளாஸ் தன் சொந்த டண்டர் டிர் (முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட டிர்) மெத்தடை எழுதி வைத்திருந்தால் அது காட்டுவதைத்தான் நாம் பார்ப்போம். டிர் முதன்மையாக ஷெல்லில் தட்டிப் பார்க்கிறவர்களின் வசதிக்காக இருப்பது, முழுமையான பட்டியலுக்கு உத்தரவாதம் தராது என்று பைத்தானின் ஆவணமே சொல்கிறது. ஷெல்லில் தட்டிப் பார்க்கும் வேலைக்கு அதை அடிக்க ஆளில்லை. நிரலுக்குள் டிர் எழுதியிருப்பதைப் பார்த்தால் மட்டும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

வார்ஸ் நேர் எதிர். அதே ஆப்ஜெக்டுக்கு வார்ஸ் கொடுத்தால் 'பெயர்' ஒன்றுதான் வரும், மதிப்போடு. மற்றவை கிளாஸுக்குச் சொந்தம். கோப்பு கிளாஸுக்கே வார்ஸ் கொடுத்தால் மொத்தமும் அளவும் இருக்கும், பெயர் இருக்காது, திற இருக்காது. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்: "இனிட்டில் எழுதியிருக்கிறேனே, கிளாஸில் ஏன் இல்லை?" இனிட் ஓடினால்தானே பெயர் பிறக்கும். கிளாஸ் மட்டும் இருக்கிறவரை அது இன்னும் நடக்காத சங்கதி.

வார்ஸ் தருவது நகல் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆப்ஜெக்டுக்கு அது தரும் டிக்ஷனரி (பெயரும் மதிப்பும் கொண்ட பட்டியல்) அசல். அதில் ஒரு மதிப்பை மாற்றினால் ஆப்ஜெக்டே மாறும். கிளாஸுக்குத் தருவது மட்டும் படிக்க விடும், எழுத விடாது. ஸ்லாட்ஸ் வைத்த கிளாஸ், அதாவது அட்ரிபியூட்டுகளை டிக்ஷனரியில் போடாமல் முன்பே குறித்த இடங்களில் வைக்கும் கிளாஸ் என்றால் கதை வேறு. டிக்ஷனரியே இல்லாததால் டைப்எரர் வரும். அது பரவாயில்லை, பிழை கண்ணுக்குத் தெரிகிறது. தாய் கிளாஸில் ஸ்லாட்ஸ் இல்லாமல் பிள்ளையில் மட்டும் இருந்தால்தான் வம்பு: டிக்ஷனரி இருக்கும், வார்ஸ் பிழையில்லாமல் ஓடும், ஸ்லாட்டில் உள்ளவை மட்டும் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும்.

டிர், வார்ஸ் இரண்டும் எட்ட நின்று பார்க்கிறவை. 'அளவு' பட்டியலில் வந்தாலும் டிஸ்க் பக்கம் யாரும் போவதில்லை. அடுத்து வருகிறவை அப்படி இல்லை.

ஹாஸ்அட்டர் "இருக்கிறதா?" என்று கேட்பதுபோல் தெரியும். உண்மையில் அது எடுத்தே பார்க்கிறது. உள்ளே, பெயரைக் கொடுத்தால் மதிப்பை எடுத்துத் தரும் கெட்அட்டர் ஓடும், அட்ரிபியூட்எரர் வந்தால் "இல்லை" என்று பதில் வரும். 'அளவு' ப்ராப்பர்ட்டிக்குள் 'பெயர்' என்பதை 'பெயரர்' என்று தப்பாக அடித்துவிட்டோம் என்று வையுங்கள். அங்கே வருவதும் அட்ரிபியூட்எரர்தான். உடனே ஹாஸ்அட்டர் "அளவு என்று ஒன்று கிடையாது" என்று சாதிக்கும். கண்ணெதிரே எழுதி வைத்திருப்பதை இல்லை என்கிறதே என்று அரை மணி நேரம் முழிக்கலாம். பைத்தான் 2-இல் எந்தப் பிழை வந்தாலும் விழுங்கியது. 3.2 முதல் அட்ரிபியூட்எரரை மட்டும் விழுங்குகிறது, அந்த அளவில் முன்னேற்றம்.

கெட்அட்டரில் தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. 'மொத்தம்' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. நிரலில் நேரடியாக எழுதிய பெயரைப் பைத்தான் படிக்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். கெட்அட்டருக்குச் சரமாகக் கொடுப்பதை அப்படிச் சரிசெய்யாது. ஆக, புள்ளி வைத்துக் கேட்டால் மொத்தம் கிடைக்கும், கொம்பும் காலுமாக எழுதிய சரத்தைக் கொடுத்துக் கேட்டால் இல்லை என்று வரும். பெயர் வெளியிலிருந்து வருகிறது என்றால் யூனிகோட்டேட்டா மாட்யூலைக் கொண்டு முதலில் இயல்வடிவாக்கிவிடுங்கள்.

இனி இன்ஸ்பெக்ட் மாட்யூலின் கெட்மெம்பர்ஸ். பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக, வடிகட்டவும் வசதியோடு. பார்க்க இதுதான் முழுமையான விடை போல இருக்கும். என் லாக் ஃபங்ஷனில் இருந்ததும் இதுதான். பிழை வந்தால் அந்த ஆப்ஜெக்டின் எல்லா அட்ரிபியூட்டையும் எழுதிவை, அவ்வளவுதான் அதற்கு வேலை. கெட்மெம்பர்ஸ் ஒவ்வொரு பெயருக்கும் கெட்அட்டர் போடும் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒருநாள் யாரோ அழித்துவிட்ட ஒரு கோப்பால் பிழை வந்தது. லாக் எழுதப் போன ஃபங்ஷன் 'அளவு' என்னவென்று கேட்டது, அது டிஸ்க்குக்குப் போனது, அங்கே கோப்பு இல்லை, இரண்டாவது எக்செப்ஷன். கெட்மெம்பர்ஸ் பிடித்துக்கொள்வது அட்ரிபியூட்எரரை மட்டும், ஃபைல்நாட்ஃபவுண்ட்எரரை இல்லை. லாக் எழுதப்படவே இல்லை.

இதைவிடப் பூடகமானது கேஷ்டு ப்ராப்பர்ட்டி. பைத்தான் 3.8-இல் வந்த இது, முதல்முறை கணக்கிட்டதை ஆப்ஜெக்டின் டிக்ஷனரியிலேயே போட்டுவைக்கும். 'அளவு' அப்படிப்பட்டதாக இருந்தால், கெட்மெம்பர்ஸுக்கு முன் வார்ஸில் ஒரு பெயர், பின் வார்ஸில் இரண்டு. எட்டிப் பார்த்ததற்கே ஆப்ஜெக்ட் மாறிவிட்டது. டீபக் செய்யும்போது மட்டும் பிழை காணாமல் போகிற மர்மங்களில் சில இப்படித்தான் பிறக்கின்றன.

இதற்கு மாற்று, அதே மாட்யூலில் 3.2 முதல் இருக்கும் கெட்அட்டர் ஸ்டாட்டிக். 'அளவு' கேட்டால் ப்ராப்பர்ட்டி ஆப்ஜெக்டையே எடுத்துத் தரும், அதை ஓட்டாது. 3.11-இல் கெட்மெம்பர்ஸுக்கும் ஸ்டாட்டிக் வடிவம் வந்துவிட்டது. குறை இல்லாமல் இல்லை: ஸ்லாட்டில் உள்ள மதிப்பைக் கேட்டால் மதிப்புக்குப் பதிலாக, அதை எடுத்துக் கொடுக்கும் இடைத்தரகரான டிஸ்கிரிப்டரைத் தரும், டண்டர் கெட்அட்டர் வழியாகக் கேட்கும்போது மட்டும் உருவாகிற அட்ரிபியூட் அதன் கண்ணில் படாது. ஆனாலும் யாரோ எழுதிய ஆப்ஜெக்டைப் பார்க்க வேண்டுமென்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

கிளாஸே நம்முடையது என்றால் இத்தனை பாடு எதற்கு? ஃபீல்டுகளை வரிசையாக அறிவித்து எழுதும் டேட்டாகிளாஸாக எழுதிவிட்டு, ஃபீல்ட்ஸ் என்று கேட்டால் போதும். தாயிடமிருந்து வந்தவை உட்பட, அறிவித்த வரிசையில் கிடைக்கும். பின்னால் ஒட்டவைத்த அட்ரிபியூட் வராது. எனக்கு அது குறையாகவே படவில்லை.

ஜாவாவில் கேள்வியே வேறு. கெட்ஃபீல்ட்ஸ் என்றால் பப்ளிக் மட்டும், பரம்பரையாக வந்தவையும் சேர்த்து. கெட்டிக்ளேர்டுஃபீல்ட்ஸ் என்றால் பிரைவேட் உட்பட எல்லாம், ஆனால் அந்த கிளாஸில் அறிவித்தவை மட்டும். ஃபீல்டைப் படிப்பதால் கெட்டர் எதுவும் ஓடாது, அந்தக் கவலை இல்லை. அனுமதிதான் சிக்கல்: ஜாவா 9-இல் மாட்யூல்கள் வந்தன, 17-இல் ஜேடிகேயின் (ஜாவாவின் சொந்தக் கருவித் தொகுப்பின்) உள்ளறைகள் ஏறக்குறைய முழுதாகப் பூட்டப்பட்டன. பைத்தானில் பூட்டே கிடையாது. பெயருக்கு முன்னால் இரட்டை அடிக்கோடு போட்டாலும் கிளாஸின் பெயரை முன்னால் சேர்த்து டிர் காட்டிக்கொடுத்துவிடும்.

என் லாக் ஃபங்ஷனில் இப்போது வார்ஸ் இருக்கிறது, ஸ்லாட் பெயர்களை கிளாஸ் வரிசையில் தேடி எடுக்கும் ஒரு லூப் இருக்கிறது, ப்ராப்பர்ட்டி என்றால் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்கிறது. ஒரே ஒரு ஓட்டை மிச்சம்: மதிப்பை எழுத்தாக்கும்போது அந்த மதிப்பின் ரெப்ர் (தன்னை எழுத்தாகக் காட்டும் மெத்தட்) ஓடத்தான் செய்யும், அதற்குள் யார் என்ன எழுதியிருக்கிறார்களோ. அந்த வரியை மட்டும் ட்ரை எக்செப்டுக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.