முதல் ட்ராவல் ட்ரெய்லர்: பாப்-அப்பா, பங்க்ஹவுஸா, ஃபைபர்கிளாஸா?

அமெரிக்காவில் இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் காரின் பின்னால் கட்டி இழுத்துப்போய் உள்ளே தங்கும் ட்ராவல் ட்ரெய்லர் ஒன்று புதிதாக வாங்கும் பேச்சு எடுத்தால், பெரும்பாலும் மூன்றில் வந்து நிற்கும்: கூரையைத் தூக்கிக் கேன்வாஸ் துணிச் சுவரை விரிக்கும் பாப்-அப், அடுக்குப் படுக்கை வைத்த பங்க்ஹவுஸ், ஸ்காம்ப் மாதிரி, உடலையே அச்சில் வார்த்துச் செய்த மோல்டட் ஃபைபர்கிளாஸ். எது பிடிக்கிறது என்பது அப்புறம். எதை உங்கள் வண்டி தாங்கும் என்பதுதான் முதல் கேள்வி.

டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கும். வண்டியின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் கொக்கியான ஹிட்சின் மேல் ட்ரெய்லரின் முன்முனை அழுத்தும் எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும். அந்த அழுத்தம் ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் ஹைவேயில் ட்ரெய்லர் ஆட ஆரம்பித்துவிடும். ஹைலேண்டர், பைலட் போன்ற எஸ்யூவிகள் 5,000 பவுண்டு இழுக்கும் என்பார்கள். ஆனால் ஹிட்ச் தாங்குவது 500 பவுண்டு அளவுதான். 12.5 சதவீதம் என்று வைத்தால், எல்லாம் ஏற்றிய ட்ரெய்லர் 4,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. டீலர் சொல்வது பெரும்பாலும் காலி எடை. 30 கேலன் தண்ணீர் நிரப்பினாலே 250 பவுண்டு கூடிவிடும்.

பாப்-அப் இந்தக் கணக்கில் சுலபமாகத் தேறும். ஒடிசி மாதிரி மினிவேனே பலவற்றை இழுத்துவிடும், விலையும் குறைவு. ஆனால் மழையில் நனைந்த கேன்வாஸை மடித்துக் கொண்டுவந்தால், வீட்டில் மறுபடி விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கரடி நடமாடும் இடங்களிலும் சிக்கல்: யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி.

மினசோட்டாவில் தயாராகும் ஸ்காம்ப், முட்டையின் இரண்டு பாதிகளை ஒட்டியதுபோல் இருக்கும். இணைப்புகள் குறைவு, ஆகவே தண்ணீர் கசியும் இடங்களும் குறைவு. விற்கும்போதும் நல்ல விலை கிடைக்கும். தம்பதிக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். நான்கு பேர் என்றால், ராத்திரி ஆனதும் சாப்பாட்டு மேசையை இறக்கிப் படுக்கையாக்க வேண்டும், காலையில் திரும்ப மேசையாக்க வேண்டும். குழந்தை தூங்கிய பிறகு பெரியவர்கள் உட்கார இடமே இருக்காது.

அதனால்தான் குடும்பத்துக்கு என் ஓட்டு சின்ன பங்க்ஹவுஸுக்கு. ஜேகோவின் ஜே ஃப்ளைட் வரிசையில் அப்படிப்பட்டவை உண்டு. பிள்ளைகளின் படுக்கை எப்போதும் தயார். மத்தியானம் தூங்க வேண்டிய குழந்தையை ஏற்றிப் படுக்கவைத்துத் திரையை இழுத்துவிட்டால் போதும். இதன் பலவீனம் கூரை. விளிம்பிலும் காற்றுப்போக்கி வென்ட்டைச் சுற்றியும் தண்ணீர் புகாமல் பூசியிருக்கும் சீலன்ட் பசை வெயிலில் வெடிக்கும். வருடத்தில் சில முறையாவது ஏணி போட்டு ஏறிப் பார்த்து, விரிசலில் புதிதாகப் பூச வேண்டும். விட்டுவிட்டால் உள்ளே மரச்சட்டம் ஊறி உளுத்துப் போகும், வெளியே தெரியும்போது பெரிய செலவாகியிருக்கும்.

பங்க்ஹவுஸ் எடை உங்கள் வண்டிக்கு மிஞ்சினால், ட்ரெய்லருக்காக அவசரப்பட்டுப் பெரிய பிக்கப் வாங்க வேண்டாம். இரண்டு மூன்று வருடம் பாப்-அப்பில் போய் வாருங்கள். எதை வாங்கினாலும் கையெழுத்துப் போடும் முன் டீலர் இடத்திலேயே தண்ணீர் நிரப்பி, ஹீட்டர், ஃபிரிட்ஜ், பம்ப் எல்லாவற்றையும் ஓடவிட்டு, சிங்க்கின் அடியில் கைவிட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.